இன்னொரு பார்ட்டி காத்திருக்கிறது என்று தரகர் சொன்னால்

கேள்வி: நானும் என் மனைவியும் வேலைக்குப் போகிறோம். நங்கநல்லூரில் வாடகைக்குக் குடியிருக்கும் நாங்கள், அதே பகுதியில் 14 ஆண்டு பழைய அடுக்குமாடிக் குடியிருப்பில் 980 சதுர அடி வீடு ஒன்றைப் பார்த்திருக்கிறோம். பிரிக்கப்படாத மனைப் பங்கு, அதாவது கட்டடம் நிற்கும் மனையில் இந்த வீட்டுக்குச் சேரும் பங்கு, 560 சதுர அடி. அந்தத் தெருவில் மனை சதுர அடி 12,000 ரூபாய் போகிறது என்கிறார்கள். உரிமையாளர் பணி ஓய்வு பெற்றவர். கோவையில் இருக்கும் மகளோடு போய் இருக்கப் போகிறார். முதலில் 92 லட்சம் கேட்டார். இப்போது தரகர், “இன்னும் இரண்டு பார்ட்டி பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒருவர் 95 வரை வருகிறார். நீங்கள் 97 என்று சொல்லி, ஆடி பிறப்பதற்குள் 5 லட்சம் டோக்கன் கொடுத்தால் முடித்துத் தருகிறேன்” என்கிறார். இதற்கு முன் இரண்டு வீடுகளை யோசித்து யோசித்தே கைநழுவ விட்டோம். கையில் 32 லட்சம் இருக்கிறது. மீதி வங்கிக் கடன். தேவைப்பட்டால் மனைவியின் நகைகளை அடகு வைக்கலாம். 97 கொடுக்கலாமா? டோக்கனை உடனே கொடுத்துவிடலாமா?

— நங்கநல்லூர் வாசகர்

பதில்: அன்புள்ள வாசகருக்கு, நேரான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். 97 லட்சம் உங்களால் தாங்க முடியாத விலை. 5 லட்சம் இந்தக் கட்டத்தில் கொடுக்கக் கூடாத டோக்கன். அதற்காக வீட்டை விட்டுவிடச் சொல்லவில்லை. 93 லட்சத்துக்குள் நின்றுகொண்டே அந்த வீட்டை முடிக்க உங்களுக்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது என்று, இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சொத்துப் பத்திரங்களைப் பார்த்து வங்கிகளுக்கும் வாங்குவோருக்கும் சட்டக் கருத்துரை எழுதிவரும் வழக்கறிஞன் என்ற முறையில் நினைக்கிறேன்.

93 என்ற எண் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். வீட்டுக் கடனுக்கு ரிசர்வ் வங்கி ஒரு வரம்பு வைத்திருக்கிறது: கடன் 30 லட்சம் வரை என்றால் சொத்து மதிப்பில் 90 சதவீதம், 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கும் மேலே போனால் 75 சதவீதம். இந்த மதிப்பு என்பது நீங்களும் உரிமையாளரும் பேசி முடித்த விலைதான் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வங்கி தன்னுடைய மதிப்பீட்டாளரை அனுப்பி, அவர் எழுதிக் கொடுக்கும் தொகையையும் உங்கள் ஒப்பந்த விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது குறைவோ அதன்மேல்தான் கணக்குப் போடும். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் அதில் சேராது.

உங்கள் வீட்டுக்கு மதிப்பீட்டாளர் என்ன எழுதுவார் என்று நீங்களே தோராயமாகப் போட்டுப் பார்க்கலாம். 560 சதுர அடி மனைப் பங்கு, அடி 12,000 என்றால் 67,20,000 ரூபாய். 980 சதுர அடி கட்டடத்தை இன்று புதிதாகக் கட்ட அடிக்கு 2,600 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 25,50,000 ரூபாய். கட்டடத்தின் ஆயுளை 60 ஆண்டு என்று கொண்டு, கழிந்துபோன 14 ஆண்டுகளுக்குத் தேய்மானம் கழித்தால் 19,50,000 ரூபாய் நிற்கும். இரண்டும் சேர்ந்து 87 லட்சத்தை ஒட்டி வருகிறது. வாகன நிறுத்தத்துக்கும் சேர்த்து அவர் தாராளமாக 88 எழுதுகிறார் என்றே வைத்துக்கொள்வோம். அதில் 80 சதவீதம் 70,40,000 ரூபாய். வங்கி தரப்போவது அவ்வளவுதான், நீங்கள் 92-க்கு வாங்கினாலும் சரி, 97-க்கு வாங்கினாலும் சரி.

தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம். தரகுக் கூலி 1 சதவீதம் என்று சேர்த்தால் விலையின்மேல் 10 சதவீதம் கைப்பணம் வேண்டும். 92 லட்சத்துக்கு முடித்தால் மொத்தச் செலவு 1,01,20,000. கடன் போக உங்கள் கையிலிருந்து 30,80,000. 97-க்கு முடித்தால் மொத்தம் 1,06,70,000, கையிலிருந்து 36,30,000. அதாவது போட்டியில் ஏறும் ஒவ்வொரு லட்சத்துக்கும் வங்கி ஒரு ரூபாய்கூடத் தராமல், உங்கள் சேமிப்பிலிருந்து 1,10,000 ரூபாய் போகிறது. 32 லட்சத்தை வைத்துக்கொண்டு நீங்கள் தொடக்கூடிய உச்சம் 93. அதற்குமேல் போனால் நகைதான். நகைக் கடனுக்கு வட்டி தனியாக ஓடும். அதை வீட்டுத் தவணையோடு சேர்த்து இரண்டு சம்பளத்திலிருந்து கட்ட வேண்டும். குடிபோகும்போது வெள்ளை அடிக்கவும், 14 ஆண்டு பழைய குழாய்களை மாற்றவும் கையில் எதுவும் மிஞ்சாது என்பதையும் வீட்டம்மாவிடம் ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள்.

என் கணக்கில் மனை விலை நீங்கள் சொன்னது. அது மெய்தானா என்று பார்க்க இன்னொரு வழி உண்டு. இதைப் பலர் பயன்படுத்துவதில்லை. பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்கச் சான்றை, அதாவது ஒரு சொத்தின்மேல் பதிவான கிரயம், கடன் போன்றவற்றின் பட்டியலை, கட்டணமில்லாமல் பார்க்கலாம். வழக்கமாக நாம் வாங்கப்போகும் வீட்டின் வில்லங்கத்தைத் தெரிந்துகொள்ளத்தான் அதைத் திறக்கிறோம். ஆனால் அந்தக் கட்டடம் நிற்கும் சர்வே எண்ணைப் போட்டுத் தேடினால், அதே கட்டடத்தில் இதற்கு முன் கைமாறிய மற்ற வீடுகளின் பதிவுகளும் வரிசையாக வந்து நிற்கும். ஒவ்வொன்றிலும் ‘கைமாற்றுத் தொகை’, ‘சந்தை மதிப்பு’ என்று இரண்டு எண்கள் இருக்கும். உண்மையில் கைமாறிய பணத்தைவிடக் குறைத்துப் பதிந்தவர்களும் அதில் இருப்பார்கள் என்பதால் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். ஆனால் கிரயப் பத்திரத்துக்கு அடுத்த பதிவாகவே ஒரு வங்கியின் பெயரில் உரிமை ஆவண ஒப்படைப்பு (கடனுக்கு ஈடாகப் பத்திரங்களை வங்கியிடம் கொடுத்ததன் பதிவு) இருந்தால், அவர் கடன் வாங்கி வாங்கியிருக்கிறார், பெரும்பாலும் முழு விலையையும் காட்டியிருப்பார் என்று கொள்ளலாம். கடந்த இரண்டு ஆண்டுகளில் அப்படி ஒன்றிரண்டு பதிவுகள் கிடைத்தால், தரகர் சொல்லும் 95-க்கும் 97-க்கும் தரையில் கால் இருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

அந்த 95 லட்சத்துக்காரர் உண்மையில் இருக்கிறாரா? இருக்கலாம். நம் ஊரில் வீடு விற்பனைக்கு ஏலம் மாதிரி ஒழுங்குமுறை எதுவும் கிடையாது. மூடிய உறையில் விலை எழுதிக் கொடுப்பதும் இல்லை. யார் என்ன விலை சொன்னார் என்பது தரகரின் வாய்வழியாகவே இரு பக்கமும் போய்வருகிறது. தரகர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை, என்னிடம் வரும் பாதிக் கட்சிக்காரர்கள் அவர்கள் சொல்லித்தான் வருகிறார்கள். ஆனால் அவருடைய கணக்கையும் போட்டுப் பாருங்கள். விலை 5 லட்சம் ஏறினால் 1 சதவீதப்படி உங்களிடமிருந்து அவருக்குக் கூடுதலாகக் கிடைப்பது வெறும் 5,000 ரூபாய். அவருடைய உண்மையான கவலை, ஆடி பிறந்துவிட்டால் ஒரு மாதம் யாரும் அட்வான்ஸ் கொடுக்க மாட்டார்கள், அதற்குள் இந்த வீடு கைவிட்டுப் போய்விடக் கூடாது என்பதாகவே இருக்கும். நீங்கள் முடிக்கப்போகிறவர் என்ற நம்பிக்கை அவருக்கு வந்துவிட்டால், விலையைக் குறைத்துப் பேசவும் அவரே உங்களுக்காக நிற்பார். இதற்கு முன் இரண்டு வீடுகளை நழுவவிட்ட உங்களைப் பற்றி, ‘இவர் பார்ப்பார், முடிக்க மாட்டார்’ என்று அவர் மனதில் ஒரு முத்திரை விழுந்திருக்கக்கூடும். அதை அழிப்பதற்கு 5 லட்சம் தேவையில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் மேற்கு மாம்பலத்தில் ஒரு மூதாட்டியின் வீட்டு விற்பனைக்காக அவர் பக்கம் நான் ஆஜரானேன். ஓய்வு பெற்ற ஆசிரியை. இரண்டு பேர் போட்டி போட்டார்கள். ஒருவர் மற்றவரைவிட 3 லட்சம் அதிகம் தருவதாகச் சொன்னார். ஆனால் அதில் 30 லட்சத்தைப் பத்திரத்தில் காட்டாமல் ரொக்கமாக வாங்கிக்கொள்ள வேண்டும் என்றார். மற்றவர், ஒரு பழுப்பு நிறக் கோப்பைத் திறந்து, வங்கி கொடுத்த கொள்கை அளவிலான கடன் ஒப்புதல் கடிதத்தையும், மீதித் தொகை வைப்புநிதியில் இருப்பதற்கான சான்றையும் அந்த அம்மாவின் முன்னால் மேசையில் வைத்தார். அம்மா மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டு இரண்டையும் முழுக்கப் படித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, “முப்பது லட்சம் நோட்டை நான் எந்தக் கட்டிலுக்கு அடியில் வைக்கிறது, வக்கீல் சார்?” என்று கேட்டார். 3 லட்சம் குறைவாகச் சொன்னவருக்கே வீடு போயிற்று.

உங்கள் உரிமையாளரும் ஏறக்குறைய அதே நிலையில் இருப்பவர். கோவைக்குக் குடிபெயரும் வயதானவருக்கு, கேட்ட விலை கிடைப்பதைப் போலவே, சொன்ன தேதியில் பணம் வருமா, பாதியில் கடன் கிடைக்கவில்லை என்று இவர்கள் நம்மைத் தொங்கலில் விட்டுவிடுவார்களா என்பதும் பெரிய கவலை. அவர் கோவையில் வீடு ஏதாவது வாங்கப்போகிறாரா என்று பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள். வாங்குகிறார் என்றால் மூலதன ஆதாய வரி விலக்குக்காக முழுத் தொகையும் வங்கி வழியாக, பத்திரத்தில் காட்டி வருவதுதான் அவருக்கு நல்லது. அதை நீங்கள் சொல்லாமலே அவருடைய ஆடிட்டர் சொல்லியிருப்பார். அவருக்குச் சாமான் கட்ட எத்தனை நாள் வேண்டும், பேரப்பிள்ளைக்கு எப்போது விடுமுறை, மகள் எப்போது வந்து உதவ முடியும் என்பனவெல்லாம் விலைக்கு வெளியே நீங்கள் விட்டுக்கொடுக்கக்கூடிய விஷயங்கள். ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: பத்திரம் பதிந்த பிறகும் ஒரு மாதம் இருந்துவிட்டுப் போகிறேன் என்றால் மரியாதையாக மறுத்து, பதிவுத் தேதியையே ஒரு மாதம் தள்ளிக்கொள்ளுங்கள். சாவி கையில் வராமல் முழுப் பணமும் போகக் கூடாது.

ஆகவே இந்த வாரம் செய்ய வேண்டியவை இரண்டு. உங்கள் சம்பளக் கணக்கு இருக்கும் வங்கிக்குப் போய், இருவரின் சம்பளச் சான்றுகளையும் கொடுத்துக் கடன் தகுதிக்கான ஒப்புதல் கடிதத்தை வாங்குங்கள். வாங்கும்போதே அந்தக் கட்டடத்தில் வேறு யாருக்காவது அவர்கள் கடன் கொடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள், கொடுத்திருந்தால் மதிப்பீடும் ஆவணப் பரிசோதனையும் பாதி முடிந்த மாதிரி. பிறகு தரகரை அழைத்துக்கொண்டு, மனைவியோடு நேரில் போய் உரிமையாளரைப் பாருங்கள். “ஐயா, நீங்கள் கேட்ட 92 லட்சத்தை அப்படியே தருகிறோம், ஒரு ரூபாயும் ரொக்கம் இல்லை, கடன் ஒப்புதல் இதோ இருக்கிறது, நீங்கள் சொல்லும் தேதியில் பதிவு” என்று சொல்லுங்கள். அவர் கேட்ட விலையிலிருந்து ஒரு பைசா குறைக்காமல் பேசுவதே போட்டியில் ஒரு பலம். பேச்சு இழுத்தால் 93 வரை போங்கள். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 95 லட்சத்தை உடனே எடுத்து வைக்கக்கூடிய ஒருவர் மெய்யாகவே இருந்தால் வீடு அவருக்குத்தான் போகும், அதைத் தடுக்க என்னிடம் வித்தை எதுவும் இல்லை.

உரிமையாளர் சம்மதித்தால் டோக்கன் பேச்சு வரும். வெற்றிலை பாக்குத் தட்டில் ஒரு ரூபாய் சேர்த்து 10,001 வைத்துக் கொடுப்பது நம் வழக்கம். அது நல்ல வழக்கம்தான். 25,000-க்குமேல் போக வேண்டாம். தொகை எதுவானாலும் தரகர் கையில் கொடுக்காமல் உரிமையாளரின் வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள். அசையாச் சொத்து விற்பனைக்கான முன்பணத்தை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. வாங்கியவருக்கு வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம். தரகரின் 5 லட்சம் எந்த வடிவத்தில் என்று உங்கள் கடிதத்தில் இல்லை. ரொக்கம் என்றால் உரிமையாளருக்கே அதில் ஆபத்து என்பதை அவருக்குச் சொல்லுங்கள். என்னிடம் வந்த ஒருவர், இரவு ஒன்பது மணிக்கு, போட்டியாளர் முந்திவிடுவார் என்ற பயத்தில், தரகரிடம் 3 லட்சத்தை ரொக்கமாகக் கொடுத்துவிட்டு, சீட்டு எதுவும் இல்லாமல், அதைத் திரும்ப வாங்க 14 மாதம் அலைந்தார்.

டோக்கனுக்கு ஒரு பக்க ரசீது எழுதி உரிமையாளரின் கையெழுத்தை வாங்குங்கள். வீட்டின் விவரம், முடிவு செய்த விலை, கொடுத்த தொகை, ஆவணங்களைப் பரிசோதிக்க 15 நாள் அவகாசம், அந்த 15 நாளில் வேறு யாரோடும் பேசுவதில்லை என்ற உறுதி, ஆவணங்களில் குறை இருந்தால் டோக்கன் முழுவதும் திரும்ப வரும் என்ற வாசகம் ஆகியவை அதில் இருந்தால் போதும். ஆவணங்களின் நகல் கொடுக்கத் தயங்குகிற உரிமையாளரும் டோக்கன் வாங்கியபின் கொடுத்துவிடுவார்.

இங்கேதான் ஆடி உங்களுக்கு உதவுகிறது. ஆடி பிறக்கும் முன் டோக்கன் என்று தரகர் சொன்னதைத் தாராளமாக ஏற்றுக்கொள்ளுங்கள், தொகையை மட்டும் மாற்றி. அதன்பின் புதிதாக யாரும் அட்வான்ஸோடு வந்து நிற்காத மாதம் அது. எங்கள் அலுவலகத்தில் ஆடியை வக்கீல் மாதம் என்று வேடிக்கையாகச் சொல்லுவோம்: பதிவு குறைவு, பத்திரம் படிக்க நேரம் அதிகம். தாய்ப்பத்திரத்திலிருந்து இன்றைய பத்திரம் வரையான தொடர்ச்சி, வில்லங்கச் சான்று, பட்டா, சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அனுமதித்த வரைபடத்தில் இந்த வீடும் இந்தத் தளமும் இருக்கின்றனவா என்பது, சொத்து வரி, சங்கத்தின் பராமரிப்புப் பாக்கி எல்லாவற்றையும் அந்த இரண்டு வாரத்தில் பார்த்துவிடலாம். வில்லங்கத்தில் வங்கியின் ஒப்படைப்புப் பதிவு இருந்து, கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணம் பதிவாகாமல் இருந்தால், மூலப் பத்திரங்கள் யாரிடம் இருக்கின்றன என்று கேட்க வேண்டும்.

உங்கள் வீட்டில் நான் முதலில் பார்க்க விரும்புவது வேறு ஒன்று. உரிமையாளர் மகளிடம் போகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவருடைய துணைவியாரைப் பற்றி எதுவும் இல்லை. பத்திரத்தில் அந்த அம்மாவின் பெயரும் இருந்து, அவர் உயில் எழுதாமல் காலமாகியிருந்தால், அவருடைய பங்குக்குப் பிள்ளைகளும் வாரிசுகள். வாரிசுச் சான்றிதழ் வேண்டும். கோவை மகளும், வேறு பிள்ளைகள் இருந்தால் அவர்களும் கையெழுத்திட வேண்டும். யாராவது வெளிநாட்டில் இருந்தால் அதிகாரப் பத்திரம் வரவழைக்க வாரக்கணக்கில் ஆகும். 95 லட்சம் என்று சொன்னவர் இதைப் பார்த்ததும் பின்வாங்கக்கூடும். நீங்கள் முன்கூட்டியே தெரிந்துகொண்டு, காத்திருக்கத் தயார் என்று சொன்னால் அது உங்களுக்குச் சாதகம்.

ஆவணங்கள் சரியென்றால் விற்பனை ஒப்பந்தத்தைத் தாமதிக்காதீர்கள். வாய்ப்பேச்சுக்கும் டோக்கன் ரசீதுக்கும் ஓரளவுக்குமேல் பலமில்லை. இன்னொருவர் இரண்டு லட்சம் கூடுதலாகக் கொடுத்தால் உரிமையாளரின் உறவினர்களே அவர் மனத்தைக் கலைத்துவிடுவார்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் அசையாச் சொத்தின் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். ஆனால் பதியாமல் வெறும் முத்திரைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்ளும் பழக்கம் இன்னும் போகவில்லை. பதிவாகாத ஒப்பந்தத்தையும், ஏற்றதை ஆற்றக் கோரும் வழக்கில் (ஒப்பந்தப்படி கிரயம் செய்துதரச் சொல்லும் வழக்கு) சான்றாக ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் சொல்லியிருப்பது உண்மைதான். ஆனால் உங்கள் ஒப்பந்தத்தைப் பற்றித் தெரியாமல், நல்லெண்ணத்தோடு விலை கொடுத்து வேறொருவர் கிரயம் வாங்கிவிட்டால், அவருக்கு எதிராக அந்த நிவாரணம் கிடைக்காது. பதிவு செய்த ஒப்பந்தம் வில்லங்கச் சான்றில் ஏறிவிடுகிறது. பிறகு எவரும் தெரியாது என்று சொல்ல முடியாது, அவருக்குக் கடன் கொடுக்க வேண்டிய வங்கியும் அதைப் பார்த்ததும் கோப்பை மூடிவிடும். பதியாமல் விட்டு, பின்னால் வழக்குப் போடலாம் என்று நினைப்பவர்கள், அத்தகைய வழக்கில் விற்பனைத் தொகையின் மீது 3 சதவீதம் நீதிமன்றக் கட்டணம் கட்ட வேண்டும் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். 92 லட்சத்துக்கு அது 2,76,000 ரூபாய்.

ஆடியில் ஒப்பந்தம் போட மனம் வராது என்றால் ஆடிப்பெருக்கு இருக்கிறது. அன்று பத்திரம் பதிய எவரும் தயங்குவதில்லை. டோக்கனிலிருந்து அதுவரை ரசீதின் அவகாசத்தைச் சற்று நீட்டி எழுதிக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தின்போது 5 லட்சமோ அதற்குச் சற்று மேலோ வங்கி வழியாகக் கொடுக்கலாம். அந்த இடத்தில்தான் அந்தத் தொகைக்கு நியாயம் உண்டு. கிரயத்துக்கு மூன்று மாதம் தவணை, சொத்தின் ஆவணக் குறையால் வங்கி கடன் மறுத்தால் முன்பணம் முழுவதும் திரும்ப வரும் என்ற ஷரத்து, உரிமையாளர் மீறினாலும் நீங்கள் மீறினாலும் என்ன தொகை என்பது, இவை எழுத்தில் இருக்கட்டும். போட்டியில் ஜெயிக்க வேண்டும் என்பதற்காக, கடன் கிடைக்காவிட்டாலும் முன்பணத்தை விட்டுக்கொடுக்கிறேன் என்று எழுதிக் கொடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டு சம்பளத்தில் வாழும் நீங்கள் அதைச் செய்ய வேண்டாம்.

சின்ன விஷயம் ஒன்று, ஆனால் சார் பதிவாளர் அலுவலகத்து வாசலில் சண்டையாக முடிவது. விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால், வாங்குகிறவர் 1 சதவீதத்தைப் பிடித்து விற்கிறவரின் பான் எண்ணில் வருமான வரித் துறைக்குக் கட்ட வேண்டும். 92 லட்சத்துக்கு அது 92,000 ரூபாய்; விலைக்கு மேலே கொடுப்பதில்லை, விலையிலிருந்தே கழிப்பது. பெரியவரிடம் இதை விலை பேசும் அன்றே சொல்லிவிட்டால், கடைசி நாளில் ‘நடுவில் ஏதோ குறைக்கிறார்கள்’ என்று அவர் முகம் சுளிக்க மாட்டார்.

93-க்கும் அவர் இசையாமல் மற்றவருக்கே கொடுக்க முடிவு செய்தால், கோபப்படாமல் எழுந்து, கடன் ஒப்புதலின் நகலையும் உங்கள் தொலைபேசி எண்ணையும் அவரிடம் விட்டுவிட்டு வாருங்கள். ஆவணியில் ஒருமுறை தரகரைக் கேட்காமல் அவருக்கே நேரடியாகப் பேசி, கோவைப் பயணம் எப்போது என்று விசாரியுங்கள். 95 சொன்னவருக்கு வங்கி 88-தான் எழுதியிருந்தால், அந்த வீடு அப்போதும் உரிமையாளர் கையிலேயே இருக்கலாம்.